சாப்பிடாதவர்கள் சொன்ன சாட்சி

ஊரில் நாலு பிள்ளைகளுக்கு ஒரே நேரத்தில் வயிற்றால் போனால் போலீஸ் ஜீப் முதலில் நிற்கிற இடம் சத்துணவுக் கூடம்தான். அங்கே அண்டா இருக்கும், அடுப்பு இருக்கும், ஏற்றிக்கொண்டு போக ஓர் ஆளும் இருப்பார். தெருக்குழாயை ஜீப்பில் ஏற்ற முடியாது.

நான் சொல்லப்போகும் வழக்கு தென்மாவட்டத்துப் பேரூராட்சி ஒன்றில் நடந்தது. ஊர்ப் பெயரும் பள்ளிப் பெயரும் வேண்டாம். பிள்ளையைப் பறிகொடுத்த குடும்பம் இன்றும் அங்கேதான் இருக்கிறது. ஐப்பசி மழை பிடித்திருந்த ஒரு திங்கட்கிழமை. மதியம் சாம்பார் சாதமும் அவித்த முட்டையும் போட்டார்கள். செவ்வாய் விடியுமுன் அரசு மருத்துவமனை வராந்தாவில் பாய் விரிக்க இடமில்லை. அன்று மாலை, மூன்றாம் வகுப்புப் படித்த பெண்பிள்ளை ஒன்று மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோகிற வழியில் இறந்துபோனது. இரவுக்குள் சத்துணவுக் கூடத்துக்கு சீல் வைத்தார்கள். அமைப்பாளர், சமையலர், உதவியாளர் மூன்று பெண்களும் காவல் நிலையத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

இந்திய தண்டனைச் சட்டம் 304ஏ, 269 ஆகிய பிரிவுகள். முன்னது கவனக்குறைவால் மரணம் விளைவித்தது. இரண்டாண்டு வரை சிறை. பின்னது உயிருக்கு ஆபத்தான நோய் பரவ இடம்கொடுத்த கவனக்குறைவு. ஆறு மாதம் வரை. இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவில் இவை 106, 271 என்று மாறியிருக்கின்றன; மரணத்துக்கான தண்டனை ஐந்தாண்டு வரை ஏறியிருக்கிறது. இரண்டுமே ஜாமீனில் விடக்கூடிய குற்றங்கள்தான். அன்றிரவே ஸ்டேஷனில் விட்டிருக்கலாம். வெளியே கூட்டம் நின்றது, விடவில்லை. மறுநாள் நடுவர் முன்னால் நிறுத்திய பிறகுதான் ஜாமீன் கிடைத்தது.

சமையலர் என் அலுவலகத்துக்கு வந்தது அதற்கும் சில நாள் கழித்து. ஐம்பதைத் தாண்டியவர், கணவர் இல்லை. இடைநீக்க உத்தரவை மடித்து இடுப்பில் செருகியிருந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“ஐயா, அந்தச் சோத்தத்தான் நானும் தின்னேன். என் பேத்தியும் அந்த ஸ்கூல்தான், அவளுக்கும் என் கையாலதான் போட்டேன். எனக்கு ஒண்ணும் ஆவல. அவ ஆஸ்பத்திரில கெடந்து பொழைச்சா. சோறு ஒண்ணுதானே, இது எப்படிய்யா?”

“நீங்க பள்ளிக்கூடத்துத் தண்ணி குடிப்பீங்களாம்மா?”

“எனக்கு வெந்நிதான். அடுப்பு எரியையில ஒரு செம்பு போட்டு வச்சுக்குவேன். வாயுத் தொல்லை.”

வழக்கு அந்தச் செம்புக்குள் இருக்கிறது என்று எனக்கு அப்போதே பட்டது. ஆனால் ஒரு பெண்மணியின் வாயுத் தொல்லையை வைத்து விடுதலை வாங்க முடியாது. யாரிடம் கேட்பது என்று விசாரித்து, ஓய்வுபெற்ற சமூக மருத்துவப் பேராசிரியர் ஒருவரிடம் போனேன். குற்றப்பத்திரிகை நகலைப் பத்து நிமிடம் புரட்டினார். மருத்துவ மாணவர்கள் படிக்கிற பார்க் பாடநூலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொன்னார்:

“வக்கீல் சார், சாப்பிட்டு நோய் வந்தவங்களைத்தான் போலீஸ் எழுதியிருக்கு. அதை விட்டுடுங்க. சாப்பிடாம நோய் வந்தவங்க யாரு, சாப்பிட்டும் நோய் வராதவங்க யாரு? அந்த ரெண்டு லிஸ்ட்டை எடுங்க.”

பிறகு லண்டன் கதையைச் சொன்னார். 1854இல் சோஹோ பகுதியில் காலரா. நோய் கெட்ட காற்றால் வருகிறது என்று ஊரே நம்பிய காலம். ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் வீடு வீடாகப் போய், இறந்தவர்கள் பெரும்பாலும் பிராட் தெரு அடிபம்புத் தண்ணீர் குடித்தவர்கள் என்று காட்டினார். அதைவிட அவருக்குக் கைகொடுத்தவர்கள் சாகாதவர்கள். பம்புக்குப் பக்கத்திலேயே இருந்த மதுவடிசாலைத் தொழிலாளர்கள் யாரும் சாகவில்லை. அவர்கள் குடித்தது அங்கே காய்ச்சிய மதுவை, வடிசாலைக்குச் சொந்தக் கிணறும் உண்டு. அருகிலிருந்த ஏழைகள் விடுதியில் ஐந்நூறு பேருக்கு மேல் இருந்தும் இறந்தவர்கள் ஐந்து பேர்தான். அங்கும் தனிக் கிணறு. நேர்மாறாக, ஊருக்கு வெளியே ஹாம்ஸ்டெட்டில் குடியிருந்த ஒரு விதவை காலராவில் இறந்தார். பழைய தெருத் தண்ணீரின் ருசி பிடித்துப்போய், அந்த அம்மாள் தினமும் அங்கிருந்து தண்ணீர் வரவழைத்துக் குடித்தவர். குறுக்கு விசாரணை கற்றுக்கொள்ள விரும்பும் ஜூனியர்களுக்கு இன்றும் இந்தக் கதையைத்தான் சொல்கிறேன்.

இரண்டு பட்டியலுக்கும் வேண்டிய காகிதம் அரசாங்கத்திடமே இருந்தது. சத்துணவுப் பதிவேட்டில் அன்று சாப்பிட்டவர்கள் பெயர் இருக்கும். மருத்துவமனைப் பதிவேட்டில் படுத்தவர்கள் பெயர் இருக்கும். இரண்டையும் அடுத்தடுத்து வைக்க விசாரணை அதிகாரிக்குத் தோன்றவில்லை. குற்றவியல் நடைமுறைச் சட்டம் 91இன் கீழ் மனுப் போட்டு இரண்டையும் நீதிமன்றத்துக்கு வரவழைத்தோம். என் ஜூனியர் ஒரு சனி, ஞாயிறு முழுக்க ஸ்கேலும் சிவப்புப் பேனாவுமாக உட்கார்ந்தார். சத்துணவே சாப்பிடாமல் வீட்டிலிருந்து டிபன் டப்பா கொண்டுவருகிற பிள்ளைகள் பலர் படுத்திருந்தார்கள். முட்டை வாங்காத சைவப் பிள்ளைகளும் படுத்திருந்தார்கள். மருத்துவமனைக்குப் போவதற்கு முன் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனவர்கள் இருப்பார்களே என்று அந்தப் பதிவேட்டையும் கேட்டு வாங்கினோம். திங்கட்கிழமை காலைப் பக்கத்தில் பள்ளிக்கூடத் தெருவிலிருந்து மூன்று பேர் பேதி என்று வந்திருந்தார்கள். ஒருவர் டீக்கடைத் தொழிலாளி, ஒருவர் வயதான பெண்மணி, மூன்றாவது பள்ளிக்கே போகாத கைக்குழந்தை. அந்த நேரத்தில் சத்துணவுக் கூடத்தில் அரிசி களைந்துகூட முடிந்திருக்காது.

இன்னொன்றை சமையலரே போகிற போக்கில் சொன்னார். அதே அண்டாச் சோறு, அதே சாம்பார், அதே முட்டை, அடுத்த தெருவில் இருந்த சிறிய தொடக்கப் பள்ளிக்கும் வாளியில் போகும். அங்கே ஒரு பிள்ளைக்கும் ஒன்றும் ஆகவில்லை. அந்தப் பள்ளியில் குழாய் இணைப்பு கிடையாது, வளாகத்தில் அடிபம்பு இருந்தது. பேராசிரியரிடம் போனில் சொன்னேன். “மதுவடிசாலை கெடைச்சிடுச்சு” என்றார்.

சத்துணவுக் கூடத்தில் தப்பே நடக்காது என்று நான் வாதாடவில்லை. நடக்கும். பீகாரில் 2013இல் கண்டாமன் கிராமப் பள்ளியில் சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிமருந்து கலந்து 23 பிள்ளைகள் இறந்தார்கள். தலைமையாசிரியைக்குத் தண்டனையும் ஆனது. ஆனால் அங்கே சாப்பிட்ட சிறிது நேரத்திலேயே பிள்ளைகள் சுருண்டார்கள். நேரம் ஒரு சாட்சி. உணவில் ஸ்டெபிலோகாக்கஸ் கிருமியின் நஞ்சு ஊறியிருந்தால் ஒன்றிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி தொடங்கிவிடும். பள்ளிக்கூட மணி அடிக்குமுன் பாதிப் பிள்ளைகள் கக்கியிருக்க வேண்டும். எங்கள் வழக்கில் திங்கள் மாலை எல்லாப் பிள்ளைகளும் விளையாடிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார்கள். செவ்வாய் இரவு கூடத்தைப் பூட்டிய பிறகும் அந்த வாரம் முழுக்கப் புதிது புதிதாக ஆள் வந்துகொண்டே இருந்தது. அவர்களில் பாதிப் பேர் அந்தப் பள்ளியில் அடியெடுத்து வைத்ததில்லை.

மலப் பரிசோதனையில் சிலருக்குக் காலராக் கிருமி வளர்ந்திருந்தது. சாட்சிக் கூண்டில் மருத்துவர் நேர்மையாகப் பேசினார். காலரா உணவு வழியாகவும் வரலாம் என்றார், மறுக்கவில்லை. கிருமி உள்ளே போய் நோய் தெரியச் சில மணி நேரத்திலிருந்து ஐந்து நாள் வரை ஆகலாம் என்றார். கொதிக்கிற சாம்பாரில் அது பிழைக்குமா என்று கேட்டேன். பிழைக்காது என்றார். அத்தோடு உட்கார்ந்துவிட்டேன்.

அரசுத் தரப்பிடம் இரண்டு அஸ்திரங்கள் இருந்தன. ஒன்று, மிச்சச் சோற்றின் பரிசோதனை அறிக்கை. ஏகப்பட்ட கிருமி என்று எழுதியிருந்தது. எழுதாமல் எப்படி இருக்கும்? கைப்பற்றிய சோறு பாலித்தீன் பையில், பனிக்கட்டி எதுவும் இல்லாமல், காவல் நிலைய அலமாரியில் நாள் கணக்கில் இருந்துவிட்டுத்தான் சோதனைக்கூடம் போயிருந்தது. அந்த அலமாரியில் என் வீட்டுச் சோற்றை வைத்திருந்தாலும் அதே அறிக்கைதான் வரும். நடுவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

இரண்டாவது அறிக்கை சிரிக்கிற விஷயமில்லை. பள்ளிக் குழாய்த் தண்ணீர் ‘குடிக்க உகந்தது’ என்று சோதனைக்கூடம் முத்திரை வைத்துக் கொடுத்திருந்தது. நூறு மில்லியில் ஈ-கோலை ஒன்றுகூட இல்லை. இந்தியத் தரம் கேட்பதும் அதுதான். தண்ணீர் சுத்தம் என்றால் மிச்சம் இருப்பது சோறுதானே? அரசு உதவி வழக்குரைஞர் இதைத்தான் மறுபடி மறுபடி சொன்னார். அறிக்கை பொய்யில்லை, சோதனைக்கூடத்தின் மேலும் தப்பில்லை. தேதியைப் பார்க்க வேண்டியிருந்தது. மாதிரி எடுத்த சுகாதார ஆய்வாளர் கூண்டேறினார்.

“மேல்நிலைத் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் கூடுதலாகப் போட்டது என்றைக்கு?”

“செவ்வாய்க்கிழமை காலை.”

“தண்ணீர் மாதிரி எடுத்தது?”

“புதன்கிழமை.”

“குளோரின் எவ்வளவு இருந்தது என்று பார்த்தீர்களா?”

“நல்லா இருந்துச்சு. வாடையே அடிச்சுது.”

“திங்கட்கிழமைத் தண்ணீரை யாராவது எடுத்தார்களா?”

“இல்லை.”

பாவம், அவர் செய்தது எல்லாம் சரி. நோய் பரவுகிறது என்று தெரிந்ததும் முதலில் குளோரின் போடத்தான் வேண்டும். மாதிரிக்காகக் காத்திருந்தால் இன்னும் சில பிள்ளைகள் போயிருக்கும். கிருமியைக் கொன்றுவிட்டு எடுத்த தண்ணீரைக் கிருமிக்குச் சாட்சியாகக் கொண்டுவந்து நிறுத்தியதுதான் கோளாறு. அதைச் செய்தவர் குற்றப்பத்திரிகை எழுதியவர்.

வழக்கு திரும்பியது தலைமையாசிரியர் சாட்சியத்தில். சோறு ஒரு மாதிரி வாடை அடித்தது என்று சொல்ல அவரை அழைத்திருந்தார்கள். முதல் விசாரணையில் அப்படியே சொன்னார்.

“சத்துணவைப் பிள்ளைகளுக்குப் போடுமுன் ருசி பார்ப்பது உங்கள் வழக்கம்தானே?”

“ஆமா.”

“அன்றும் பார்த்தீர்கள்?”

“பாத்தேன். பதிவேட்டுல கையெழுத்து இருக்கு.”

“உங்களுக்கு வயிற்றுக் கோளாறு ஏதும்?”

“இல்ல.”

“பள்ளிக் குழாயில் தண்ணீர் குடிப்பீர்களா?”

“வீட்டுலருந்து பாட்டில்ல கொண்டாருவேன்.”

ஏன் என்று கேட்க நாக்கு துடித்தது. கேட்கவில்லை. பதில் தெரியாத கேள்வியைக் குறுக்கு விசாரணையில் கேட்கக் கூடாது என்பது எங்கள் தொழிலில் பாலபாடம். ‘எனக்குச் சர்க்கரை, டாக்டர் சொன்னார்’ என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கட்டியது எல்லாம் சரிந்திருக்கும். உட்கார்ந்தேன். நடுவர் பேனாவைக் கீழே வைத்தார். அன்றைய சாட்சியச் சட்டத்தின் 165ஆம் பிரிவு நீதிபதிக்கு எந்தக் கேள்வியையும் கேட்கும் அதிகாரம் தந்தது. அந்த நடுவர் அதை அடிக்கடி பயன்படுத்துகிறவர் அல்லர்.

“ஏன் சார் வீட்டிலிருந்து கொண்டுவர்றீங்க?”

அவர் கூண்டுக் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு சொன்னார்: “மழை பேஞ்சா அந்தத் தண்ணி வாடை அடிக்கும்யா.”

அந்த வாடை எங்கிருந்து வந்தது என்பதற்குப் பதில், தொட்டியில் தண்ணீர் ஏற்றும் ஆபரேட்டரின் நோட்டில் இருந்தது. நம்மூர்க் குழாயில் தண்ணீர் நாள் முழுக்க ஓடுவதில்லை. காலையில் திறந்துவிட்டு மூடிவிடுவார்கள். மூடியதும் குழாய்க்குள் அழுத்தம் இறங்கும். விரிசல் இருந்தால் வெளியே தேங்கி நிற்பதை உள்ளே உறிஞ்சும். பள்ளிக்கூடத் தெருவில் குழாய் சாக்கடையின் அடியில் போனது. பள்ளிக்குப் பத்தடி தள்ளி வால்வு குழி. மழைக்காலத்தில் அது நிரம்பிச் சாக்கடையோடு சமமாகிவிடும். தொட்டியில் எவ்வளவு குளோரின் கலந்தாலும், வழியில் சாக்கடை புகுந்தால் கடைசிக் குழாயில் மிஞ்சாது. அங்கே லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிஞ்ச வேண்டும் என்பதுதான் தரம். சம்பவத்துக்குச் சில வாரம் முன்பே நோட்டில் கோணல் கையெழுத்தில் எழுதியிருந்தது: வால்வு குழியில் சாக்கடைத் தண்ணி நிற்குது, ஆபீசில் சொல்லியாச்சு.

அந்த ஆபரேட்டர் தொகுப்பூதியக்காரர். அவரைக் கூண்டில் வைத்துக் கிழித்திருக்கலாம். பிளீச்சிங் பவுடர் புதிதாக இருக்கையில் மூன்றில் ஒரு பங்கு குளோரின் இருக்கும். சாக்கைப் பிரித்து ஈரத்தில் வைத்தால் நாளுக்கு நாள் இறங்கும். அவருடைய சாக்கு வாய் திறந்தே கிடந்தது என்று எனக்குத் தெரியும். சமையலரை இறக்கிவிட்டு அதே கூண்டில் அவரை ஏற்ற எனக்கு மனம் வரவில்லை. என் கட்சிக்காரருக்கு அது தேவையாகவும் இல்லை. நோட்டை ஆவணமாகக் குறியீடு செய்துகொண்டு அவரை அனுப்பிவிட்டேன். அந்தத் தகவல் ஆபீசில் எந்த மேசையில் படுத்தது என்பதைப் போலீஸ் கடைசிவரை விசாரிக்கவில்லை.

இறந்த பிள்ளையின் அப்பா முதல் சாட்சி. புகார் கொடுத்தவரும் அவர்தான். ஜூனியர் என் காதில் சொன்னார்: “சார், ராத்திரி முழுக்கப் பிள்ளைக்குத் தண்ணியே குடுக்கலையாம். குடிச்சா இன்னும் போகும்னு நெனச்சிருக்காங்க. கேட்டுடலாம்.” தகவல் உண்மைதான். பேதியில் பிள்ளைகள் சாவது உடம்பில் நீரும் உப்பும் வற்றி. 1971இல் வங்காள எல்லை அகதி முகாமில் ஊசிவழி ஏற்றும் திரவம் தீர்ந்துபோன நேரத்தில், டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த கரைசலை உறவினர்கள் கையில் கொடுத்து வாய்வழியாகப் புகட்டச் சொன்னார். கொத்துக்கொத்தாய் நடந்த சாவு சில சதவீதத்துக்கு இறங்கியது. அரசு மருத்துவமனைகளில் இலவசமாகத் தருகிற ஓ.ஆர்.எஸ். பொட்டலம் அதுதான். அந்த வீட்டில் யாரும் அதைச் சொல்லிக்கொடுக்கவில்லை என்றால் குற்றம் அந்த அப்பாவுடையதா? அவர் முறை வந்தபோது எழுந்து, “கேள்வி இல்லை” என்றேன்.

சட்ட வாதத்துக்கு இரண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் போதுமாக இருந்தன. குர்பான் உசேன் வழக்கில் (1965) பெயிண்ட் தொழிற்சாலைத் தீயில் ஏழு தொழிலாளர்கள் இறந்தார்கள். எதிரியின் கவனக்குறைவு மரணத்துக்கு நேரடிக் காரணமாக இருந்தால்தான் 304ஏ என்றது நீதிமன்றம். அம்பாலால் பட் வழக்கு (1972) இன்னும் நெருக்கம். நஞ்சு கலந்த குளுக்கோஸ் சலைனில் பலர் இறந்தார்கள். பல கைகள் மாறி வந்த பொருளில், நடுவில் நின்ற ஒரு கெமிஸ்டைப் பிடித்துத் தண்டிப்பதை நீதிமன்றம் ஏற்கவில்லை. நடுவர் மூவரையும் விடுதலை செய்தார். ஆனால் ஊர் விடுதலை செய்ய நாளாயிற்று. 1982இல் எம்.ஜி.ஆர். மதிய உணவுத் திட்டத்தை விரிவாக்கிய காலத்திலிருந்து பிள்ளைகள் சாப்பிட்டு வந்த கூடம் அது. அந்த ஆண்டு பாதித் தட்டுகள் அடுக்கியபடியே இருந்தன.

தீர்ப்புக்குச் சில வாரம் கழித்து அந்த அப்பா ஒரு மஞ்சள்பை நிறையக் காகிதத்தோடு வந்தார். “அன்னைக்கு என்னைய நீங்க ஒண்ணும் கேக்கல. அதான் வந்தேன்” என்றார். பேரூராட்சி மேலும் அரசு மேலும் மதுரைக் கிளையில் ரிட் போட்டோம். இழப்பீடும் குழாய் மாற்றமும் கேட்டோம். ரத்லம் நகராட்சி வழக்கில் (1980) நீதிபதி கிருஷ்ணய்யர், கையில் காசில்லை என்று சாக்குச் சொல்லி உள்ளாட்சி அமைப்பு சாக்கடைக் கடமையிலிருந்து நழுவ முடியாது என்று தீர்ப்பளித்திருந்தார். அதை மனுவின் முன்பக்கத்திலேயே வைத்தேன்.

பேரூராட்சியின் எதிர்மனு வந்தது. காசில்லை என்று சொல்லவில்லை. நோய் சத்துணவில் இருந்து பரவியது, குடிநீருக்குச் சம்பந்தமில்லை, ஆதாரம் ‘குடிக்க உகந்தது’ அறிக்கை என்று சொல்லியிருந்தது. நடுவரின் தீர்ப்பையும், திங்கட்கிழமை காலை எழுதிய ஆரம்ப சுகாதார நிலையப் பதிவேட்டுப் பக்கத்தையும், ஆபரேட்டரின் நோட்டையும் இணைத்து மறுமொழி போட்டேன். நீதிபதி அந்தப் பதிவேட்டுப் பக்கத்தை எதிர்த்தரப்பு வக்கீலிடம் நீட்டி, இந்தக் கைக்குழந்தை எந்தப் பள்ளியில் சத்துணவு சாப்பிட்டது என்று கேட்டார். குழாயை மாற்றவும் இழப்பீடு கொடுக்கவும் உத்தரவானது.

குழாய் சீக்கிரம் மாறியது. இப்போது சாக்கடைக்கு எதிர்ப்பக்கம் போகிறது. இழப்பீட்டுக்கு ஒரு நீதிமன்ற அவமதிப்பு மனு தேவைப்பட்டது. சமையலரின் இடைநீக்கக் காலத்தைப் பணிக்காலமாகக் கணக்கிடும் கோப்பு, அவர் ஓய்வுபெற்ற பிறகுதான் கையெழுத்தாகி வந்தது.